காடு திருத்தியவனுக்குக் காணி எங்கே?

அமெரிக்க நாட்டின் மேற்கு எல்லையை நாடிச் சென்ற முன்னோடிக் குடியேறிகளின் கதையை அறியாதார் இலர். கூண்டு வண்டியும், எருதுகளும், மடியிற் குழந்தையும், கையிற் கோடரியும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளியுமாக அக்காட்சியைத் திரைப்படங்கள் உலகமெங்கும் பரப்பிவிட்டன. அந்நாட்டார் தம் முன்னோரின் பயணத்தைப் பாடமாகவும் சிலையாகவும் வைத்துப் போற்றுகின்றனர். போற்றட்டும். உழைத்தவனை மறவாதிருப்பது நாகரிக மக்களின் கடமை.

ஆனால் அதே காலத்தில், அதே கொள்ளைநோய்க்குப் பலியாகிக்கொண்டே, பிழைப்பைத் தேடி நடந்த வேறொரு கூட்டமும் உண்டு. அக்கூட்டத்தின் பாதை இராமநாதபுரத்துக் கரையில் தொடங்கி மன்னார்க் காடுகளினூடே செல்கிறது. அது திருத்திய காடு பெல்மதுளையிலும், கஹவத்தையிலும், பலாங்கொடையிலும், எட்டியாந்தோட்டையிலும் றப்பராகவும் தேயிலையாகவும் நிற்கிறது. அக்கூட்டத்துக்கு நாற்சந்தியில் சிலை வைக்கவில்லையே என்று நான் குறைப்படவில்லை. குடியிருக்கும் மண்ணுக்கு ஓர் உறுதி இல்லையே என்றுதான் கேட்கிறேன்.

இவ்விரு கதைகளையும் ஒரு வழக்கின் இரு சான்றுகளாக அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். வழக்கு இதுதான்: காட்டைத் திருத்தி நாட்டுக்கு வருவாய் தேடித் தந்தவனுக்கு அந்நிலத்தில் உரிமை உண்டா, இல்லையா?

இரண்டு பாதைகள்

1840-களில் மிசூரி மாநிலத்து இண்டிபென்டன்ஸ் என்ற ஊரிலிருந்து வண்டித் தொடர்கள் புறப்பட்டன. பசிபிக் கரையோரத்து ஒரிகன் நாட்டை அடைய அவை ஏறத்தாழ 2,000 மைல் செல்லவேண்டும். நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். வண்டியில் தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்திருந்தமையால் மக்கள் பெரும்பாலும் நடந்தே சென்றனர். வழியில் அவர்களை மிகுதியாகக் கொன்றது அம்புமன்று, விலங்குமன்று, வாந்திபேதியே. 1846-ல் புறப்பட்ட டானர் கூட்டத்தார் சியரா நெவாடா மலைப்பனியில் அகப்பட்டு, ஏறக்குறையப் பாதிப்பேரை இழந்தனர். 1869-ல் கண்டத்தின் இரு கரைகளையும் இருப்புப்பாதை இணைக்கும்வரையில் இந்த நடை ஓயவில்லை.

அதே 1840-களில்தான் இலங்கையிற் கோப்பிப் பயிர் வெறியாய்ப் பரவியது. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் ஆகிய சீமைகளிலிருந்து பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்திய ஏழை உழவர் கடற்கரை வந்தனர். பாம்பனிலும் தொண்டியிலும் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். வண்டியில்லை, எருதில்லை. தலையிலே மூட்டை, இடுப்பிலே பிள்ளை. குளங்கள் வற்றிய வரண்ட காட்டில் தண்ணீருக்குத் தவித்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2,000 மைல் எங்கே, 150 மைல் எங்கே என்று கேட்பார் உளராயின், காய்ச்சலோடும் வெறுங்காலோடும் நடப்பவனுக்கு மைற்கல்லின் எண்ணிக்கை ஒரு பொருட்டன்று என்பதை அவர் உணர்வாராக.

கோப்பிக் காலத்தவர் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869-ல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக வந்து நிலைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் எழுச்சி பெற்றபோது சப்பிரகமுவாவின் மழைக்காடுகள் தோட்டங்களாக மாறின. இப்பகுதிக்கு அப்போது வந்தவர்கள் கழுத்திலே எண் பொறித்த தகரத்துண்டு தொங்க வந்தவர்கள். மண்டபம் முகாமில் அடைபட்டு, மருந்தடிக்கப்பட்டு, 1914-க்குப் பின் தலைமன்னாரிலிருந்து இரயிலேறி வந்தவர்கள். ஒரிகன் சென்றவன் தன் பெயரோடு போனான். இங்கு வந்தவன் தோட்டத்து எண்ணோடு வந்தான்.

ஓர் உண்மையை மறைக்கவேண்டியதில்லை. பெருமரங்களை வீழ்த்தும் ஒப்பந்த வேலையைப் பல இடங்களிற் சிங்களக் கிராமத்தவர் எடுத்துச் செய்தனர். அவ்வியர்வைக்கும் நாம் வணக்கம் செலுத்துவோம். ஆனால் வீழ்ந்த காட்டிற் குழி தோண்டி, வடிகால் வெட்டி, கல்லடுக்கிச் சரிவைத் தாங்கி, கன்று நட்டு, களை பிடுங்கி, கொழுந்தெடுத்து, பால்வெட்டித் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தைக் காத்தவன் தோட்டத் தொழிலாளியே. அட்டை கடித்த காலோடு அவன் நின்ற மலைச்சரிவுகளே இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பின.

இரண்டு சட்டங்கள்

1862-ம் ஆண்டு மே 20-ம் நாள், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்திற் கையெழுத்திட்டார். குடிநிலச் சட்டம் என அதனைத் தமிழிற் கூறலாம். 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர் எவரும் 160 ஏக்கர் அரசாங்க நிலத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதிலே வீடு கட்டி, பயிர் செய்து, ஐந்தாண்டு வாழ்ந்து காட்டினால், சிறு பதிவுக் கட்டணத்தோடு நிலம் அவருக்கே சொந்தம். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும்கூடத் தம் பெயரிலேயே நிலம் பெறலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்ணப்பிப்பவர் குடியுரிமை பெற்றவராய் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. குடியுரிமை பெறும் எண்ணத்தை அறிவித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். நோர்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியவன், ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவன், நிலத்துக்கு மனுச் செய்தான். நிலமும் பெற்றான், குடிமகனும் ஆனான். இவ்வகையில் ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் நிலம் உரிமையாக்கப்பட்டது.

இனி இலங்கைக்கு வருவோம். லிங்கன் கையெழுத்திட்டு மூன்றாண்டு கழிந்து, 1865-ம் ஆண்டின் 11-ம் இலக்கக் கட்டளைச் சட்டம் இங்கு நிறைவேறியது. அச்சட்டத்தின்படி முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளி குற்றவாளி. அவனைச் சிறையில் அடைக்கலாம். கூலி ஒப்பந்தத்தை மீறுவது உரிமை வழக்காய் இராமல் குற்ற வழக்காய் மாறியது. இதனோடு துண்டு முறையும் சேர்ந்துகொண்டது. கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறின. அக்கடன் தீர்ந்ததாகவோ, தீர்ப்பதற்கு வேறொரு துரை ஒப்பியதாகவோ துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் அடியெடுத்து வைக்க முடியாது. 1920-களின் தொடக்கத்திற்றான் துண்டும் சிறைத் தண்டனையும் ஒழிந்தன.

ஆக, இரண்டு நாடுகளிலும் மனிதனை நிலத்தோடு பிணைக்கச் சட்டம் செய்தார்கள். ஒரு நாட்டில் உரிமை என்ற கயிற்றாற் பிணைத்தார்கள். மற்ற நாட்டிற் கடன் என்ற கயிற்றாற் பிணைத்தார்கள். எல்லைப்புற வாழ்வே அமெரிக்க மக்களாட்சியை வளர்த்தது என்று வரலாற்றறிஞர் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் 1893-ல் வாதாடினார். அவர் கூற்றைப் பலர் மறுத்ததுண்டு. எனினும் தன் மண்ணில் நிற்பவனுக்கு முதுகெலும்பு நிமிரும் என்பதை உழவர் எவரும் மறார். விடியற்காலையில் பெரட்டுக்களத்திற் பேர் கொடுத்து, மாலையில் எடை குறைந்ததென்று அரைப்பேர் வாங்கி, துரையின் சொல்லுக்குக் குடியிருக்கும் காம்பராவும் கட்டுப்பட்டதென அஞ்சி வாழ்பவன் எவ்வாறு நிமிர்வான்?

பழி யாருடையது?

அமெரிக்கக் கதைக்கு இருண்ட பக்கம் ஒன்று உண்டு. அந்த 160 ஏக்கர் வெறும் நிலமன்று. அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடி மக்களின் நிலம். 1830-ம் ஆண்டு அகற்றற் சட்டத்தால் செரோக்கி முதலிய இனத்தார் தம் தாயகத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டப்பட்டனர். அந்நடையிலும் ஆயிரவர் மாண்டனர். ஆகவே குடியேறியின் வீரத்தைப் புகழும்போது வெளியேற்றப்பட்டவனின் கண்ணீரையும் எழுதவேண்டும்.

இலங்கையிலும் அவ்வாறே. 1840-ம் ஆண்டின் 12-ம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்கே உரியவை என்று கொள்ள வழிசெய்தது. கண்டிச் சீமையிலும் சப்பிரகமுவாவிலும் கிராமத்தவன் விறகு வெட்டிய காடு, மாடு மேய்த்த புறம், சேனை செய்த மேடு யாவும் துரைமார் கைக்கு மாறின. அந்தக் கிராமத்தானின் நிலப்பசி பொய்யன்று. அவன் பேரர்கள் தோட்ட எல்லையில் நின்று பெருமூச்சு விடுவதும் பொய்யன்று.

ஆனால் கேட்கிறேன்: நிலத்தைப் பறித்தவன் யார்? சட்டம் செய்தவன் வெள்ளையன். ஏக்கரைச் சில ஷில்லிங் விலைக்கு வாங்கியவன் துரை. இலாபம் சென்ற இடம் இலண்டன். தமிழ்த் தொழிலாளிக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, அதுவும் அவனுடையதன்று. அமெரிக்கக் குடியேறியின்மேற் பழி விழுந்தால் அது நிலத்தோடு வந்த பழி. பழியையும் பெற்றான், பலனையும் பெற்றான். நம் தொழிலாளியோ பலனில் ஒரு பிடி மண்ணும் பெறாமற் பழி முழுவதையும் சுமந்தான். தோட்டம் தன் கிராமத்தை விழுங்கிற்று என்று சினந்த சிங்கள உழவன், விழுங்கியவன் கப்பலேறிய பின்னர், லயத்திற் கிடந்தவனைப் பகைவன் என்று எண்ணினான். அவ்வாறு எண்ணுமாறு அரசியல்வாதிகள் அவனுக்குக் கற்பித்தனர். நிலமில்லாத இருவரை மோதவிட்டுத் தேர்தலில் வென்ற கதையே இப்பகுதியின் அரசியற் கதை.

கேகாலையில் எழுந்த வழக்குகள்

இதற்குச் சான்று சப்பிரகமுவாவிலேயே உண்டு. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே பிறந்து வளர்ந்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு கூறிற்று. அவர்கள் மறுத்தனர். 1946 ஜூன் மாதத்தில் தோட்டத் தொழிலாளர் அவர்களுக்காக 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்காகவன்று, குடியிருக்கும் உரிமைக்காக நடந்த வேலைநிறுத்தம் அது.

தோட்டக் குடியிருப்பைவிட்டு நீங்க மறுப்பது குற்றமாகுமா என்ற கேள்வி, செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கில் இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1950-ல் அம்மன்றம் கூறிய நெறி சட்டம் பயில்வோர் இன்றும் படிப்பது: உரிமை உண்டென நேர்மையாக நம்பி ஒருவன் நிலத்தில் தங்குவானாயின், அந்நம்பிக்கை சட்டப்படி தவறாயினும், அதனால் மற்றவர் எரிச்சலடைவர் என்பதை அவன் அறிந்திருந்தான் என்பதனால் மட்டும் அவன் குற்றவாளி ஆகான். வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்பது குற்றமன்று; மனித இயல்பு.

குற்றவியற் சட்டம் இரங்கிய இடத்தில் அரசியற் சட்டம் இரங்கவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. சப்பிரகமுவாவில் ஓர் இடமும் இல்லை. இங்கே தோட்டங்கள் கிராமங்களிடையே சிதறிக் கிடப்பதால் நம் வாக்குகளும் சிதறின. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனிடமும் தந்தை பிறந்ததற்குச் சான்று கேட்டது. பாட்டனுக்கும் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அறியாத லயத்தில் எங்கே தேடுவது? 1949-ம் ஆண்டின் 3-ம் இலக்கச் சட்டப்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1964 வரையிற் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. 1949-லேயே வாக்குரிமையும் பறிபோயிற்று.

இதனை எதிர்த்து எழுந்த வழக்கும் கேகாலை மாவட்டத்ததே. ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன்பிள்ளை கேட்டார். இடாப்பைத் திருத்தும் அலுவலராயிருந்த சிவஞானசுந்தரம், அச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29-ம் பிரிவுக்கு முரணானவை எனக் கண்டு கோரிக்கையை ஏற்றார். உயர் நீதிமன்றம் 1951-ல் அதனை மாற்றியது. யார் தன் பிரசை என்று வரையறுப்பது பாராளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று கூறிப் பிரிவிக் கவுன்சில் 1953-ல் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. குடிமகனாகும் எண்ணத்தைச் சொன்னவனுக்கே அமெரிக்கா 1862-ல் 160 ஏக்கர் தந்தது. இங்கே பிறந்து, உழைத்து, பெற்றோரையும் இம்மண்ணிலேயே புதைத்தவனுக்கு ஒரு வாக்குச்சீட்டும் இல்லை.

முன்னோடிகளைப் போற்றும் வழக்கம் இலங்கை அரசாங்கத்துக்குத் தெரியாததன்று. 1935-ம் ஆண்டின் 19-ம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பின்னர் கல்லோயா போன்ற திட்டங்களிலும், காடு திருத்திக் குடியேறிய உழவர்க்குக் காணியும் வீடும் நீரும் கொடுத்தனர். அக்குடியேற்றங்கள் தமிழ்ப் பகுதிகளில் விளைத்த கேடு வேறொரு வழக்கு. இங்கு நான் சுட்டுவது நெறியை மட்டுமே. காடு திருத்துவோனுக்குக் காணி என்ற நெறி இந்நாட்டுக்குத் தெரியும். தோட்டத்தின் எல்லைக் கல்லைக் கண்டதும் அந்நெறி மறந்துபோகிறது.

மீண்டும் மூட்டை கட்டியவர்கள்

அமெரிக்கக் குடியேறி ஒருமுறை நடந்தான். பிறகு தன் நிலத்தில் அமர்ந்தான். நம்மவர் எத்தனை முறை நடந்தனர் என்று எண்ணிப் பாருங்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரைக் கணக்குப் புத்தகத்திற் பிரித்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கப்படுவர். பிறகு பார்த்தபோது, 1974-ல், பாதிப் பாதியாகப் பகிர்ந்தனர். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியரானார்கள். சென்றவர்களிற் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென 1968-ல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் மலைச்சரிவைத் திருத்தித் தேயிலை நட்டனர். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர். இங்கே இருந்தபோது ‘இந்தியாக்காரர்’ என்று பெயர்.

1972-லும் 1975-லும் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. பங்கிடப்பட்ட நிலம் கிராமத்தவர்க்கே சென்றது. லயத்தவர்க்கு வேலையும் போயிற்று. 1970-களின் நடுவில் பட்டினிச் சாவுகளைத் தோட்டங்கள் கண்டன. 1977-ல் வன்முறை, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் மீண்டும் வன்முறை. லயங்கள் எரிந்தன. உயிர் தப்பியோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சென்று, வன்னிக் காட்டிற் கோடரி எடுத்தனர். பாட்டன் ஈரக் காட்டைத் திருத்தினான். பேரன் வரண்ட காட்டைத் திருத்தினான்.

வடக்கத்தியத் தமிழர்க்கு இங்கே ஒரு கசப்பான சொல்லைக் கூறியாக வேண்டும். வன்னியில் இம்மக்கள் வேலி அடைத்து, கிணறு வெட்டி, நெல் விளைவித்த காணிகள் பலவற்றின் உரிமைச்சீட்டு எவர் பெயரில் இருந்தது? அங்கும் இவர்கள் பிறர் காணியிற் கூலிகளாகவும் எல்லைக் காவலராகவுமே வைக்கப்பட்டனர். போர் வந்தபோது முதலில் அடிபட்டவர்களும் இவர்களே. துரைத்தனம் ஆங்கிலம் பேசினால் மட்டுமே கொடுமை, தமிழ் பேசினால் அன்று என்று வாதாட எந்த நீதிமன்றத்திலும் இடமில்லை.

ஏழு பேர்ச்சின் கணக்கு

நாடற்றோர் என்ற இழிநிலை 1988-ம் ஆண்டுச் சட்டத்தாலும், 2003-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டத்தாலும் நீங்கியது. வாக்குண்டு, அடையாள அட்டையுண்டு. காணியின் கதி என்ன?

2015-க்குப் பின் வந்த அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற கொள்கையை மேற்கொண்டது. இந்திய உதவியுடன் சில ஆயிரம் வீடுகளும் எழுந்தன. லயத்திலிருந்து தனிவீட்டுக்கு மாறுவது பெரிய மாற்றமே. அதனைக் குறைத்துக் கூறேன். ஆயினும் ஏழு பேர்ச் என்றால் என்ன? ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். யாழ்ப்பாணத்து உழவருக்கு விளங்கச் சொன்னால், பத்துப் பேர்ச் கொண்டது ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஏழு பேர்ச் ஒரு பரப்புக்கும் குறைவு! அமெரிக்கக் குடியேறிக்கு ஐந்தாண்டு உழைப்புக்கு 160 ஏக்கர். அதாவது 25,600 பேர்ச். நம்மவர்க்கு இருநூறு ஆண்டு உழைப்புக்கு ஏழு பேர்ச். அதிலும் வீடு கிடைத்த எல்லோர்க்கும் முழு உறுதி கிடைத்ததில்லை.

கூலிக்கு வந்தவனுக்குக் கூலி கொடுத்தாயிற்று, காணி எதற்கு என்று கேட்பார் உளர். சட்டம் அறிந்தவர் இன்னும் நுணுக்கமாகக் கேட்பர்: பத்தாண்டு தடையின்றி ஆண்டால் நிலம் சொந்தமாகும் என்ற 1871-ம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்குப் பொருந்தாதே, அவன் பிறர் அனுமதியில் இருப்பவன் அல்லவா, அரசுக்கு எதிராக அவ்வுரிமை செல்லாதே என்பர். மெய்தான். அச்சட்டத்தை வைத்து நான் வாதாடவில்லை. 1971-ம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டம் அவனை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்றாமற் காக்கிறது, உரிமையாளன் ஆக்கவில்லை. எனவேதான் புதுச்சட்டம் வேண்டும் என்கிறோம். நோர்வேக்காரனுக்கும் 1862-க்கு முன் சட்ட உரிமை இருக்கவில்லை. உழைப்பின் நியாயத்தைக் கண்டு பாராளுமன்றம் உரிமையைப் படைத்தது. இங்கும் படைக்கவேண்டும்.

அதற்குத் தடை ஏதும் இல்லை. தோட்ட நிலத்தின் உரிமையாளர் அரசாங்கமே; 1992-க்குப் பின் வந்த கம்பனிகள் 53 ஆண்டுக் குத்தகைக்காரர். ஒருவர் சொத்தையும் பறிக்கவேண்டியதில்லை. சிறு துண்டுகளாகப் பிரித்தால் தேயிலை அழியும் என்ற வாதமும் நில்லாது. இந்நாட்டுத் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் விளைவிப்பவர் சிறு தோட்ட உடைமையாளர். அவர்கள் மிகுந்து வாழும் மாவட்டங்களுள் நம் இரத்தினபுரியும் ஒன்று. பெல்மதுளைக் கிராமத்தான் தன் அரை ஏக்கரில் நன்றாய் விளைவிக்கும் தேயிலையை, அதே செடியை நூறாண்டு பறித்துப் பழகிய தொழிலாளியின் மகள் விளைவிக்கமாட்டாளா?

வேண்டுவன யாவை?

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் விற்கவும் ஈடு வைக்கவும் மரபுரிமையாய் விடவும் தக்க முழு உறுதி வேண்டும். அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படவேண்டும். கொழுந்தெடுத்து இத்தொழிலைத் தாங்கியவள் பெண். அவளுக்குச் சமகூலியே 1984-ற்றான் வந்தது. காணியிலாவது அவளைக் காக்க வைக்காதீர்கள்.

இரண்டாவது, குடியிருப்புக்கு இருபது பேர்ச்சேனும் வேண்டும். இரண்டு பரப்பு இருந்தாற் காய்கறிக்கும் பசுவுக்கும் இடமுண்டு. அதற்கு மேல், கம்பனிகள் கைவிட்டுக் காடாகிக் கிடக்கும் நிலங்களை, தொழிலாளர்க்கும் காணியற்ற சிங்களக் கிராமத்தவர்க்கும் ஒரே சட்டத்தின் கீழ்ச் சிறு தோட்டங்களாகப் பங்கிடவேண்டும். 1840-ல் ஏமாற்றப்பட்டவனின் பேரனும், 1865-ல் சிறைவைக்கப்பட்டவனின் பேரனும் ஒரே வரிசையில் நின்று உறுதி வாங்கும் நாளிற்றான் இப்பகுதியின் பகை தீரும்.

மூன்றாவது, லயம் கிராமமாக வேண்டும். தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் நிதியிலிருந்து வேலை செய்யத் தடையாயிருந்த சட்டம் 2018-ல் திருத்தப்பட்டது. திருத்தம் ஏட்டிற் கிடந்தாற் போதாது. பாதையாகவும் குடிநீராகவும் விளக்காகவும் வரவேண்டும்.

நான்காவது, வன்னியிற் குடியேறிய மலையகத் தமிழரின் காணிச் சிக்கல்களை வடக்குத் தமிழரே முன்னின்று தீர்க்கவேண்டும். இதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. உழவர் சங்கங்களும் கிராமத்துப் பெரியோரும் மனம் வைத்தாற் போதும்.

வழக்கறிஞர்களே, நொத்தாரிசுமாரே, நில அளவையாளரே! பெல்மதுளையிலும் கேகாலையிலும் உறுதி எழுதவும், பிறப்புப் பதிவு தேடவும், அளவுப்படம் வரையவும் ஆளின்றி எத்தனையோ குடும்பங்கள் நிற்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாருங்கள். உழவர் பெருமக்களே! நிலத்தின் அருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டுமா? ஒரு பரப்புக் காணிக்காகத் தலைமுறைக் கணக்கில் வழக்காடும் மரபினர் நீங்கள். அந்த ஒரு பரப்பும் இல்லாதவனின் வழக்கை உங்கள் வழக்காகக் கொள்ளுங்கள்.

2023-ல் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் நடந்தனர். ஜூலை இறுதியிற் புறப்பட்டு ஆகஸ்டிற் சேர்ந்தனர். வழியெங்கும் தமிழரும் முஸ்லிங்களும் சிங்களவரும் தண்ணீர் கொடுத்து வரவேற்றனர். முன்னோர் நடந்தபோது அந்தப் பாதையில் தண்ணீர் கொடுப்பார் இல்லை. இந்நாட்டு மக்களின் மனம் மாறத் தொடங்கியுள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டா. மாறவேண்டியது சட்டப் புத்தகம் ஒன்றே. அதனை மாற்றும் வாக்கு நம் கையில் இருக்கிறது. அடுத்த தேர்தலில் உங்கள் வாயிலுக்கு வரும் வேட்பாளர் எவராயினும், எக்கட்சியினராயினும், அவரிடம் கேளுங்கள்: காடு திருத்தியவனுக்குக் காணி எங்கே? விடை கூறாதவருக்கு வாக்கில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.